கைகள் எட்டாத மடி

‘ஜாஜென்’ எனப்படும் ஜென் தியான அமர்வில் கைகளுக்கென்று ஓர் இடம் உண்டு. வலது உள்ளங்கையின்மேல் இடது கையை மல்லாத்தி வைத்து, கட்டைவிரல் நுனிகள் இரண்டும் மெல்லத் தொட, அந்த முட்டை வடிவ வளையத்தை அடிவயிற்றோடு ஒட்டினாற்போல் மடியில் இருத்த வேண்டும். சோதோ பிரிவை ஜப்பானில் தொடங்கிய தோகென் 1227இல் சீனாவிலிருந்து திரும்பியதும் எழுதிய ‘ஃபுகான் ஜாஜென்கி’ என்ற சிறு கையேட்டிலிருந்து இன்றுவரை, சோதோ ஜென் மடங்களில் சொல்லித் தரப்படும் முறை இதுதான். அந்தக் கையேட்டை எழுதியவரின் மனத்தில் இருந்தது துறவியின் வயிறு, அளந்து உண்டு ஒட்டிய வயிறு. எட்டாம் மாதத்தில் இருக்கும் பெண் இதைக் கடைப்பிடிக்க முயன்றால் கைகள் மடிக்கு வந்து சேராது. வயிற்றின்மேல் ஏறி உட்காரும், அல்லது இரு பக்கமும் விலகித் தொடைகளுக்குப் போகும். வயிற்றின்மேல் வைத்தாலோ, உள்ளிருக்கும் பிள்ளை உதைக்கும்போதெல்லாம் வளையம் குலையும்.

சின்ன விஷயம்தான். ஆனால் கர்ப்பகாலத்தில் ஜென் தியானம் என்ற பேச்சு முழுவதும் இந்தச் சின்ன விஷயத்துக்குள் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஜென் மரபு உடலின் மையமாகக் கொண்டாடும் இடம் தொப்புளுக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. அதைத் ‘தான்தென்’ என்கிறார்கள். மூச்சு அங்கே இறங்க வேண்டும், மனம் அங்கே தங்க வேண்டும், வலிமை அங்கிருந்து எழ வேண்டும் என்று நூற்றாண்டுகளாக ஆண் துறவிகள் ஆண் துறவிகளுக்குக் கற்பித்தார்கள். கருப்பை வளர்வதும் அதே இடத்தில்தான். அந்த இடம் மெய்யாகவே நிறைந்திருக்கும் உடலைப் பற்றி அவர்கள் எழுதிவைத்ததோ மிகக் குறைவு.

தாய் இல்லாத இலக்கியம் அல்ல அது. தாய் எங்கும் இருக்கிறாள், உவமையாக. மடத்துச் சமையற்காரருக்குத் தோகென் 1237இல் எழுதிய அறிவுரை நூலான ‘தென்சோ கியோகுன்’, அரிசியையும் நீரையும் பெற்றவர் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொள்ளும் மனத்தை மூன்று உயர்ந்த மனநிலைகளுள் ஒன்றாக வைக்கிறது. சீடனை மடக்குவதற்காகக் குரு கேட்கும் புதிர்க் கேள்விகளில் மிகப் பழையவற்றுள் ஒன்று, தாயும் தகப்பனும் பிறப்பதற்கு முன் உன் முகம் எது என்று விசாரிக்கிறது. பிறப்பைப் பற்றிய கேள்வி அது. அதை முழங்கால் வலிக்க உட்கார்ந்து ஆராய்ந்தவர்களில் பிள்ளை பெற்றவர்கள் சிலரே. தோகென் தன் தாயைச் சிறுவயதிலேயே இழந்தவர். ஈமச் சடங்கில் ஊதுபத்திப் புகை எழுந்து கலைவதைப் பார்த்ததுதான் அவரைத் துறவுக்கு அனுப்பியது என்று மரபு சொல்கிறது. புத்தரைப் பெற்ற மாயாவும் ஏழாம் நாள் இறந்தாள். தாயை இழந்த பிள்ளைகள் கட்டிய மரபு என்றே இதைச் சொல்லலாம்.

பிள்ளை பெறும் உடலை அந்த மரபு நடத்திய விதம் வேறு. சீனாவில் தோன்றி, இடைக்காலத்தில் ஜப்பானுக்கு வந்த ‘கெத்சுபோன்கியோ’ என்ற சிறு நூல், பேற்றின்போது சிந்தும் இரத்தம் நிலத்தையும் நீரையும் தீட்டாக்குவதால் பெண்கள் இரத்தக் குள நரகத்தில் விழுவார்கள் என்று சொன்னது. சோதோ ஜென் துறவிகள் இந்நூலை ஊர் ஊராகப் பரப்பினார்கள். பேறுகாலத்தில் இறந்த பெண்களின் சவப்பெட்டியில் அதை வைத்து அனுப்பினார்கள். பெண்கள் கால் வைக்கக் கூடாத புனித எல்லைகளும் இருந்தன. இந்த எல்லைகளைத் தோகென் 1240இல் ‘ராய்ஹாய் தொக்குசுயி’ என்ற கட்டுரையில் மிகக் கடுமையாகச் சாடினார் என்பதைச் சொல்லாமல் விட்டால் அவருக்கு அநீதி. ஆனால் அவர் குரலை மீறித்தான் வழக்கம் நடந்தது. மலைகளிலும் கோயில்களிலும் பெண்களுக்கு இருந்த தடையை ஜப்பானிய அரசு நீக்கியது 1872இல். துறவிகள் மணம் செய்துகொள்ளலாம் என்று அறிவித்ததும் அதே ஆண்டுதான். அதன்பிறகே ஜென் கோயில் வளாகத்துக்குள் பிள்ளைகள் பிறந்து வளர்வது ஒளிவுமறைவற்ற வழக்கமானது.

பழைய ஏடுகளில் கர்ப்பிணியின் சாதனை என்று சொல்லத்தக்க ஒரு பதிவு இருக்கிறது. சோதோ பிரிவை நாடெங்கும் கொண்டுசென்ற கெய்சான், தன் தாய் எகானைப் பற்றித் தானே எழுதியது அது. காலைச் சூரியனின் வெம்மையை விழுங்குவதாகக் கனவு கண்டு, 37 வயதில் அவர் கருவுற்றாராம். பிறகு நாள்தோறும் கன்னோன் போதிசத்துவர்முன் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை விழுந்து வணங்கி, கன்னோன் சூத்திரத்தை ஓதினாராம். கருவில் இருப்பவன் உலகுக்குப் பயன்படுவதானால் நல்லபடியாகப் பிறக்கட்டும் என்பது வேண்டுதல். எகான் பின்னாளில் பிக்குணி மடமொன்றின் தலைவியானார். இந்தப் பதிவில் ஜாஜென் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஜப்பானில் கர்ப்பிணிக்கு இருந்தவை கன்னோன் வழிபாடு, ஐந்தாம் மாதத்தில் நாய் நாளன்று வயிற்றில் கட்டும் துணிப்பட்டை, சுகப்பிரசவத் தாயத்து ஆகியவை. (நாய் எளிதில் ஈனும் என்ற நம்பிக்கைதான் நாய் நாளுக்குக் காரணம்.) ஆகவே, கர்ப்பகால ஜென் தியானம் ஆயிரமாண்டுப் பழமையுடையது என்று விளம்பரத் தாள்கள் சொல்லும்போது நம்ப வேண்டியதில்லை. அது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிறந்தது. அந்த இளமை அதற்குக் குறைவல்ல.

கர்ப்பகால ஜென்னின் பாதை கடல் கடந்து போனது. ஜப்பானிய சோதோ குரு ஷுன்ரியூ சுசுகி 1962இல் சான் பிரான்சிஸ்கோ ஜென் மையத்தை நிறுவினார். 1967இல் கலிபோர்னிய மலைக்குள் தாஸஹாரா மடம் தொடங்கியபோது ஆண்களும் பெண்களும் ஒரே கூடத்தில் அமர்ந்தார்கள். மணமானவர்கள் இருந்தார்கள், பிள்ளைகள் பிறந்தார்கள். கொரிய ஜென் குரு சியுங் சானிடம் பயின்ற ஜோன் கபாட்-ஸின் என்ற மூலக்கூறு உயிரியலாளர் 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில், நாள்பட்ட வலியோடு வாழும் நோயாளிகளுக்கெனப் பல வாரப் பயிற்சியொன்றைத் தொடங்கினார். ஜென் அமர்விலும் விபாசனாவிலும் யோகத்திலும் இருந்து எடுத்த கூறுகளை, சமயச் சொற்களை நீக்கிவிட்டு, மருத்துவமனை மொழியில் அவர் வைத்தார். நான்சி பார்டக் என்ற செவிலியர்-மருத்துவச்சி அதைப் பேறுகாலத்துக்குத் தகவமைத்து, 1998இல் கலிபோர்னியாவில் தனி வகுப்பாக நடத்தத் தொடங்கினார். வாரம் மூன்று மணி நேரமாக ஒன்பது வாரங்கள், இடையில் ஒரு நாள் முழு மௌனம். கணவரும் கூடவே வந்து உட்கார்ந்தார்.

நம் பக்கத்துக்கும் இதில் உறவு இருக்கிறது. சமஸ்கிருதத் ‘தியானம்’ சீனத்தில் ‘சான்’ ஆகி, ஜப்பானில் ‘ஜென்’ ஆனது. அதைச் சீனாவுக்குக் கொண்டுபோன போதிதருமர் காஞ்சிபுரத்தவர் என்பது நெடுநாளைய நம்பிக்கை. ஜப்பானின் காமகுராவில் ஜென் குரு யமாதா கோஉன்னிடம் பயின்ற இயேசு சபைத் துறவி ஆமா சாமி, கொடைக்கானலுக்கு அருகே பெருமாள்மலையில் 1996இல் போதி ஜென்டோவை நிறுவினார். ஜப்பானிய முறைத் தியானக் கூடம் அங்கே இருக்கிறது.

பேற்றுக்கு ஆயத்தம் செய்வது ஜென் வருமுன்னே மேற்கில் இருந்ததுதான். ஆங்கிலேய மருத்துவர் கிரான்ட்லி டிக்-ரீட் 1933இல் எழுதிய நூலில், பயம் உடலை இறுக்குகிறது, இறுக்கம் வலியைக் கூட்டுகிறது, வலி மறுபடி பயத்தை வளர்க்கிறது என்று சொன்னார். பிரெஞ்சு மருத்துவர் ஃபெர்னான் லமாஸ் 1951இல் சோவியத் யூனியனில் பார்த்துவந்த முறையை வைத்து மூச்சுப் பயிற்சி வகுப்புகளைப் பரப்பினார். சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டு, வகுத்துக் கொடுத்த தாளத்தில் மூச்சு விட்டால் மூளை வலியைக் கவனிக்காது என்பது அதன் அடிப்படை. ஜென் அமர்வு சொல்லித் தருவது இதற்கு நேர் எதிர். கவனத்தை வலியிலிருந்து வேறெங்கும் கடத்த வேண்டாம், அங்கேயே வை என்கிறது. கேட்கும்போது கொடூரமாக இருக்கிறது. ஏன் இது வேலை செய்யக்கூடும் என்பதற்கு மான்ட்ரியலில் நடந்த ஓர் ஆய்வு விளக்கம் தருகிறது.

மான்ட்ரியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோஷுவா கிரான்ட்டும் பியேர் ரான்வீலும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், குறைந்தது ஆயிரம் மணி நேரம் ஜென் பயின்ற 13 பேரையும், தியானமே பழகாத 13 பேரையும் அழைத்து, கெண்டைக்காலில் சூடான தகட்டை வைத்துப் பார்த்தார்கள். நடுத்தர வலி என்று சொல்ல மற்றவர்களுக்கு 48.2 செல்சியஸ் போதுமாக இருந்தது, ஜென் பயின்றவர்களுக்கு 49.9 தேவைப்பட்டது. இரண்டு பாகைகூட இல்லையே என்று தோன்றலாம். தோலைச் சுடும் அந்த எல்லையில் அது பெரிய வித்தியாசம். தகட்டைக் கவனித்தபடி அமர்ந்திருந்தபோது அவர்கள் உணர்ந்த வலி சுமார் 18 சதவீதம் குறைந்தது, மூச்சும் மெதுவானது. இதே குழுவினர் 2011இல் மூளைப் படங்களோடு வெளியிட்ட கட்டுரை இன்னும் முக்கியமானது. ஜென் பயின்றவர்களின் மூளையில் வலியைப் பதிவுசெய்யும் பகுதிகள் அடங்கிப்போகவில்லை, மற்றவர்களைவிட அதிகமாகவே இயங்கின. குறைந்திருந்தது, வலியை மதிப்பிட்டு, நினைவோடும் அச்சத்தோடும் கோர்த்துக் கதை கட்டும் பகுதிகளின் இயக்கம். வலி தெரிந்தது. வலியைப் பற்றிய பேச்சு அடங்கியிருந்தது.

பாலி நூல்களில் சம்யுத்த நிகாயத்தில் வரும் ஈட்டி உவமையை அறிந்தவர்களுக்கு இது புதிதாகப் படாது. உடலில் பாயும் ஈட்டி ஒன்று. அது பாய்ந்ததை நினைத்து நாமே நம்மேல் எறிந்துகொள்ளும் இரண்டாவது ஈட்டி ஒன்று. டிக்-ரீட் சொன்ன பயத்தின் சுழலும் இந்த இரண்டாவது ஈட்டியைப் பற்றியதுதான்.

ஆனாலும் மான்ட்ரியல் ஆய்வறையும் பிரசவ அறையும் ஒன்றல்ல. அங்கே சூடு சில நொடிகள்தான், போதும் என்றால் நிறுத்திவிடலாம். பிரசவ வலி மணிக்கணக்கில் நீள்கிறது, நடுவில் எழுந்து போக வழியில்லை, முடிவில் ஓர் உயிரைப் பற்றிய கவலை காத்திருக்கிறது. பரிசோதனைக்கு வந்தவர்களின் ஆயிரம் மணி நேரமும் தலைப்பிரசவத்துக்குக் காத்திருக்கும் பெண்ணிடம் இல்லை. அவளிடம் இருப்பது ஒன்பது வார வகுப்பும், இரவில் தூக்கம் வராத சில மணி நேரங்களும்.

இருந்தாலும் பிரசவ வலியின் அமைப்பு இந்தப் பயிற்சிக்கு ஒரு விதத்தில் இணங்கி வருகிறது. வலி விட்டு விட்டு வருகிறது. வேகம் பிடித்த நிலையில் ஒவ்வொரு கருப்பைச் சுருக்கமும் சுமார் ஒரு நிமிடம், சில வேளை ஒன்றரை நிமிடம் நீடிக்கும். அடுத்தது வர இரண்டு மூன்று நிமிடம். ஜென்னில் புதியவர்களுக்கு முதலில் தருவது மூச்சை ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணும் பயிற்சி. எண்ணிக்கை தவறினால் தன்னைத் திட்டிக்கொள்ளாமல் ஒன்றுக்குத் திரும்ப வேண்டும், அவ்வளவே. நிதானமான பத்து மூச்சுக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம் ஆகும். ஒரு வலி ஏறி இறங்கும் நேரமும் அதுவே. பார்டக்கின் வகுப்பில் கையில் பனிக்கட்டியைப் பிடித்துக்கொண்டு இதைப் பழகுகிறார்கள். ஒரு நிமிடம் பிடி, கீழே வை, இளைப்பாறு, மறுபடி பிடி. பிடிக்கும் நேரத்தைவிடக் கீழே வைத்த நேரத்தைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். பயந்திருக்கும் மனம் வலி இல்லாத அந்த இரண்டு நிமிடங்களையும் அடுத்த வலிக்கு அஞ்சியே செலவழித்துவிடும். பேறு நீளும்போது தாயைக் களைக்க வைப்பவற்றில் அந்த அச்சமும் ஒன்று. இடைவெளியை இடைவெளியாக இருக்க விடப் பழகியவளுக்கு, எட்டு மணி நேரப் பிரசவத்தில் பாதிக்கு மேற்பட்ட நேரம் ஓய்வாகவே கிடைக்கிறது.

பிரசவ முடிவுகளில் கிடைத்திருக்கும் சான்று அடக்கமானது. லாரிசா டங்கனும் பார்டக்கும் மற்றவர்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வில், முதல் பிரசவத்துக்குக் காத்திருந்த 30 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். இரண்டரை நாள் கவனப் பயிற்சி பெற்றவர்களிடம், பேற்றைத் தன்னால் எதிர்கொள்ள முடியும் என்ற நம்பிக்கை கூடியிருந்தது, பேற்றுக்குப் பின்வரும் மனச்சோர்வின் அறிகுறிகள் குறைந்திருந்தன. வலி எவ்வளவு இருந்தது என்று கேட்டபோது இரு குழுவினரின் பதிலிலும் தெளிவான வேறுபாடு இல்லை. இதை நான் நேர்மையான, நம்பத்தக்க முடிவாகக் கருதுகிறேன். வலியைக் குறைத்துத் தருவதாக இந்தப் பயிற்சியை விற்பவர்களிடம் இதைச் சொல்லிக் காட்ட வேண்டும். பார்சிலோனாவில் நடந்து 2021இல் வெளியான பெரிய ஆய்வு வேறொன்றைப் பார்த்தது. குழந்தை எடை குறைவாகப் பிறக்கும் அபாயம் இருந்த 1,221 கர்ப்பிணிகளில், வழக்கமான கவனிப்பு பெற்றவர்களின் குழந்தைகளில் 21.9 சதவீதம் கர்ப்பகாலத்துக்குரிய எடையை எட்டவில்லை. கபாட்-ஸின் வழிவந்த மனஅழுத்தக் குறைப்புப் பயிற்சி பெற்றவர்களிடம் அது 15.6 சதவீதம். நல்லெண்ணெய்க்கு நாம் தரும் இடத்தை ஆலிவ் எண்ணெய்க்குத் தரும் மத்தியதரைக்கடல் உணவுமுறையைப் பின்பற்றியவர்களிடம் 14. தியானத்தைத் தனித்த அற்புதமாகப் பேசாமல், நல்ல சாப்பாட்டுக்குப் பக்கத்தில் உட்கார வைக்கும் இந்த ஆய்வு எனக்குப் பிடித்திருக்கிறது.

உடலின் பக்கம் வந்தால், துறவி மடத்து விதிகளில் பல இங்கே செல்லாது. புரோஜெஸ்டிரான் சுரப்பு ஏறுவதால் கர்ப்பிணி இயல்பாகவே ஆழமாகவும் அதிகமாகவும் மூச்சு விடுகிறாள். வளரும் கருப்பை உதரவிதானத்தைச் சுமார் நான்கு சென்டிமீட்டர் மேலே தள்ளுகிறது. ஒரு மாடி ஏறினாலே மூச்சு வாங்குவது இதனால்தான். அவளிடம் மூச்சை அடிவயிற்றுக்கு இறக்கு, நீட்டு, நிறுத்து என்று கட்டளையிடுவது தவறு. மூச்சை அடக்கும் பயிற்சி எதுவும் வேண்டாம். வருகிற மூச்சை வருகிறபடி எண்ணினால் போதும். மூட்டுகளைப் பிணைக்கும் தசைநார்கள் தளர்ந்திருக்கும் மாதங்களில் பத்மாசனத்தில் நெடுநேரம் இருந்து இடுப்பையும் முழங்காலையும் வருத்த வேண்டியதில்லை. நாற்காலி போதும், அல்லது சுவரில் சாய்ந்து தலையணை வைத்துக்கொள்ளலாம். இருபது வாரத்துக்குப் பிறகு மல்லாந்து படுத்துத் தியானம் செய்யக் கூடாது. கருப்பையின் பாரம் பெரிய இரத்தக் குழாயை அழுத்தித் தாய்க்கு மயக்கத்தையும் குழந்தைக்கு இரத்த ஓட்டக் குறைவையும் தரலாம். ஒருக்களித்துப் படுக்கலாம். தூக்கத்தைச் சுருக்கி, உணவை நேரம் கட்டி, நாள் முழுக்க அமரவைக்கும் சேஷின் முகாம்கள் கர்ப்பிணிக்கு உரியவை அல்ல. ஜென்னின் சொத்தில் அவளுக்கு மிகப் பொருந்துவது கின்ஹின் என்ற நடைதான். மூச்சு ஒன்றுக்கு அரை அடி வைத்து, கூடத்தைச் சுற்றி வருவது. நிமிர்ந்து நடந்தால் குழந்தை இறங்க ஏதுவாகும் என்று நம் மருத்துவச்சிகளும் சொன்னார்கள், இன்றைய மகப்பேறு மருத்துவர்களும் சொல்கிறார்கள்.

தியானம் யாரையும் கெடுக்காது என்ற நம்பிக்கையையும் திருத்திக்கொள்ள வேண்டும். இதற்கு ஜென்னுக்குள்ளேயே சாட்சி இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் பெரும் குரு ஹகுயின், இளமையில் இடைவிடாத சாதனையால் நோயுற்றதை 1757இல் வெளிவந்த ‘யாசென்கன்னா’வில் எழுதினார். தலை கொதித்தது, கால்கள் பனிபோல் சில்லிட்டன, காதில் வெள்ளம் இரைந்தது, எதைக் கண்டாலும் அச்சம். அவர் மீண்டது மலைக்குகைத் துறவியொருவர் கற்றுத்தந்த மென்மையான முறையால். வாத்து முட்டை அளவு மணமுள்ள வெண்ணெய் உச்சந்தலையில் இருப்பதாகவும், அது உருகித் தோள், மார்பு, வயிறு, தொடை, பாதம் என்று வழிந்து இறங்குவதாகவும் நினைத்துக்கொள்ள வேண்டும். கர்ப்பிணிக்கு ஜென்னிலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துத் தரலாம் என்றால் நான் இந்த வெண்ணெயைத்தான் தருவேன். கருச்சிதைவையோ வன்முறையையோ கடந்து வந்தவளுக்கு நீண்ட மௌனம் பழைய காட்சிகளைக் கிளறிவிடலாம். மனச்சோர்வு பிடித்தவளுக்குத் தேவை மருத்துவர். தியானம் அதற்குத் துணையாக இருக்கலாம், மாற்றாக அல்ல.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் கவலைப்படுத்துவது பொறுமைக்குத் தரப்படும் மாலை. வயிறு நோகப் பெற்ற பிள்ளை என்ற சொல் ஜப்பானியத்திலும் உண்டு. நொந்து பெற்றால்தான் பாசம் வரும் என்ற எண்ணம் அங்கே நெடுங்காலம் ஆண்டது. பிரான்சில் பெரும்பாலான பெண்கள் முதுகில் எபிடியூரல் மரப்பு ஊசி போட்டுக்கொண்டு பெறும்போது, ஜப்பானில் 2020இல்கூட அது பத்தில் ஒருவரைத் தாண்டவில்லை. மயக்க மருத்துவர் பற்றாக்குறை ஒரு காரணம், செலவு ஒரு காரணம். தாங்கிக்கொள்வதே தாய்மை என்ற எதிர்பார்ப்பு இன்னொரு காரணம். ஜென் தியானம் இந்த எதிர்பார்ப்புக்குப் புது அங்கி உடுத்திவிடக் கூடாது. ஊசி கேட்டவள் தியானத்தில் தோற்றவள் அல்ல. அறுவைசிகிச்சை மேசையில் விளக்கைப் பார்த்துப் படுத்திருப்பவளுக்கும் மூச்சு உண்டு, பத்துவரை எண்ண எண்களும் உண்டு.

ஹகுயினைப் பற்றி எல்லோரும் சொல்லும் கதை ஒன்று. ஊரில் மணமாகாத பெண்ணொருத்தி கருவுற்றாள். பெற்றோர் மிரட்டவே, காரணம் ஹகுயின்தான் என்று சொல்லிவிட்டாள். அவர் மறுக்கவில்லை. பிறந்த குழந்தையைக் கொண்டுவந்து போட்டபோது வாங்கி, அண்டை வீடுகளில் பால் இரந்து வளர்த்தார். உண்மை தெரிந்து திரும்பக் கேட்டபோது, அதே அமைதியோடு கொடுத்துவிட்டார். அவருடைய சலனமின்மைக்காக இக்கதை காலங்காலமாகச் சொல்லப்படுகிறது. நான் ஒவ்வொரு முறை கேட்கும்போதும் நினைப்பது அந்தப் பெண்ணை. பத்து மாதம் பயத்தோடு சுமந்தாள். பெற்ற சில நாளில், பால் கட்டிய மார்போடு, குழந்தையைப் பிரிந்தாள். ஒரு வருடம் பொய்யோடு இருந்தாள். ஒருநாள் பொறுக்க முடியாமல் உண்மையைச் சொன்னாள். கதையில் அவளுக்குப் பெயர் இல்லை. அவள் எப்படிப் பெற்றாள், யார் கூட இருந்தார்கள் என்று யாரும் கேட்டதில்லை.

கலிபோர்னிய வகுப்புக்கு ஒரு கடைசி அமர்வு உண்டு. எல்லோருக்கும் பிள்ளை பிறந்து சில வாரங்கள் கழித்து, குழந்தைகளோடு மறுபடி கூடுகிறார்கள். ஒன்பது வாரம் மௌனமாக உட்கார்ந்த அதே கூடம்தான். ஊசி போட்டுப் பெற்றவள், போடாமல் பெற்றவள், வயிறு கீறிப் பெற்றவள் என்று வட்டமாக அமர்ந்து ஒவ்வொருவராக நடந்ததைச் சொல்கிறார்கள். கைகள் இப்போது மடியை எட்டும். ஆனால் மடியில் இடமில்லை.